"சுபா" என்றால் மாகாணமா?

ஏடுபெயர்ப்பு எழுதியது:

ஒரு கட்டுரைத் தொகுப்பைத் தமிழாக்கும் வேலை. ஒரே சொல் நாலு இடத்தில் நாலு மாதிரி நிற்கிறது.

(அ) 1580இல் அக்பரின் பேரரசு 12 சுபாக்களாகப் பிரிக்கப்பட்டது.
(ஆ) வங்காள சுபாவின் வருவாய் 59,84,59,319 தாம்.
(இ) மராட்டியர் காலத்தில் கும்பகோணம் சுபாவில் அடங்கிய ஊர்கள்.
(ஈ) சுபா தன் படையோடு ஆற்றைக் கடந்தார்.

எல்லா இடத்திலும் "மாகாணம்" என்று மாற்றினால் (ஈ) "மாகாணம் படையோடு ஆற்றைக் கடந்தது" என்று ஆகிறது. மெய்ப்பு பார்ப்பவர் சிரித்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். (இ) வேறு உறுத்துகிறது. கும்பகோணம் எப்படி ஒரு மாகாணம்? சுபா, சூபா, இதில் எந்த எழுத்து சரி என்பதையும் சொல்லுங்கள்.

---

பழங்கணக்கன் எழுதியது:

(அ) மட்டும்தான் சிக்கலில்லாத வாக்கியம். அங்கே "மாகாணம்" பொருந்தும்.

1580இல் அமைந்த 12: அலகாபாத், ஆக்ரா, அவத், அஜ்மீர், அகமதாபாத் (குஜராத்), பிகார், வங்காளம், டெல்லி, காபூல், லாகூர், முல்தான், மாள்வா. பிறகு பேரார், காந்தேஷ், அகமதுநகர் சேர்ந்து அக்பர் காலத்திலேயே 15 ஆகிவிட்டது. சுபாவுக்குக் கீழே சர்க்கார், சர்க்காருக்குக் கீழே பர்கணா அல்லது மகால். அக்பரின் 40ஆம் ஆட்சியாண்டுக் கணக்காக அபுல் ஃபசல் தருவது 105 சர்க்கார், 2,737 ஊர்ப்பிரிவுகள்.

எழுத்து: அரபு வழியாகப் பாரசீகத்துக்கு வந்த சொல். மூலத்தில் உகரம் நெடில், ஆகவே ஒலிக்கு நெருக்கம் "சூபா". ஆனால் தமிழில் "சுபேதார்" (சுபாவின் ஆளுநர்) ஊன்றிப்போய்விட்டது. சூபா என்று எழுதிவிட்டு அடுத்த வரியிலேயே சுபேதார் என்று எழுதினால் இரண்டுக்கும் உள்ள உறவு வாசகருக்குப் போய்ச் சேராது. நான் "சுபா"வுக்கே ஓட்டுப் போடுவேன். "சுபம்" என்ற வடசொல்லுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. தலைப்பில் தனியாக "வங்காளத்தின் சுபா" என்று மட்டும் போட்டுவிடாதீர்கள், யாரோ ஒரு பெண்ணின் கதை என்று நினைத்துப் புரட்டுவார்கள்.

---

வளநாட்டான் எழுதியது:

எதற்குப் பாரசீகச் சொல்? "மண்டலம்" என்று அழகான தமிழ் வழக்கு இருக்கிறதே. சோழமண்டலம், தொண்டைமண்டலம் போல வங்காளமண்டலம், குஜராத்மண்டலம் என்று போடலாமே.

---

பழங்கணக்கன் எழுதியது:

வளநாட்டான் அண்ணே, காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மண்டலத்தின் கீழே வாசகர் எதை எதிர்பார்ப்பார்? வளநாடு, நாடு, கூற்றம். சுபாவின் கீழே இருப்பது சர்க்காரும் பர்கணாவும். மேல்தட்டை மட்டும் சோழர் சொல்லால் பெயர்த்துவிட்டுக் கீழ்த்தட்டைப் பாரசீகத்தில் விட்டால், ஒரே ஏணியில் இரண்டு மரம் கலந்த மாதிரி. அதோடு இன்றைய வாசகருக்கு மண்டலம் என்றால் மாநகராட்சி மண்டல அலுவலகம்தான் முதலில் நினைவுக்கு வரும்.

---

மோடியெழுத்து எழுதியது:

(இ) பற்றி யாரும் பேசவில்லையே, இந்த இழையில் உண்மையான கண்ணி அங்கேதான் இருக்கிறது.

தஞ்சை மராட்டிய அரசு (1676இல் ஏகோஜி தொடங்கியது, 1855 வரை) முழுவதுமே ஐந்து சுபாக்கள்: திருவையாறு, கும்பகோணம், மாயவரம், மன்னார்குடி, பட்டுக்கோட்டை. ஒவ்வொன்றுக்கும் ஒரு சுபேதார். கும்பகோணத்திலிருந்து மாயவரம் 40 கிலோமீட்டர்கூட வராது. வங்காள சுபாவோ சிட்டகாங்கிலிருந்து தேலியாகடி வரை 400 கோசு (பழைய தூர அளவு) நீளம் என்று அபுல் ஃபசலின் அயினி அக்பரி எழுதுகிறது. இரண்டுக்கும் ஒரே பெயர்.

இதைவிட மோசமான இடி ஒன்று உண்டு. தஞ்சையில் சுபாவின் கீழ்ப் பிரிவுக்குப் பெயரே "மாகாணம்". சில பல கிராமங்கள் சேர்ந்தால் ஒரு மாகாணம், பல மாகாணங்கள் சேர்ந்தால் ஒரு சுபா. நீங்கள் சுபாவை மாகாணம் என்று பெயர்த்தால், "கும்பகோணம் சுபாவில் உள்ள இன்ன மாகாணம்" என்று மூலத்தில் வரும் இடத்தில் என்ன எழுதுவீர்கள்? "கும்பகோணம் மாகாணத்தில் உள்ள இன்ன மாகாணம்" என்றா?

நமக்கு மாகாணம் என்றால் சென்னை மாகாணம் என்ற பெரிய அளவு மனத்தில் பதிந்திருக்கிறது. தஞ்சைப் பக்கத்துப் பழைய பத்திரங்களில் அது ஏழெட்டு ஊர்க் கூட்டமாகவும் இருக்கக்கூடும். அங்கே சொல்லின் அளவே வேறு.

---

ஏடுபெயர்ப்பு எழுதியது:

@மோடியெழுத்து, இது தெரியாமல் அச்சுக்குப் போயிருந்தால் மானம் போயிருக்கும். ஆனால் மொகலாயர் சொல் இவ்வளவு சுருங்கியது எப்படி?

---

மோடியெழுத்து எழுதியது:

மராட்டியர் கையில் சுருங்கியது. தக்காணத்தில் மராட்டிய நிர்வாகம் சுபேதார் என்ற பதவிப் பெயரை எடுத்துக்கொண்டது, ஆனால் அவர் பொறுப்பில் விட்ட நிலம் மொகலாய சுபாவின் ஒரு துண்டுதான். பல சுபேதார்களுக்கு மேலே சர்சுபேதார் என்று ஒருவரை வைத்தார்கள். பதவியின் பெயர் முதலில் பயணப்பட்டது, நிலத்தின் பெயர் அதன் பின்னால் வந்தது. தஞ்சைக்கு வந்தது அந்த வடிவம்.

எனவே உங்கள் முதல் கேள்வி "இது எந்த அரசின் எழுத்தர் எழுதியது" என்பதாகவே இருக்கட்டும். சொல்லின் அகராதிப் பொருளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

---

நாற்பதுதாம் எழுதியது:

(ஆ)வுக்கு வருகிறேன். அந்த எண்ணைத் தொடும்முன் மூன்று விஷயம்.

முதலாவது கணக்கு. தாம் என்பது செப்புக் காசு. கணக்கேட்டில் 40 தாம் ஒரு ரூபாய். 59,84,59,319ஐ 40ஆல் வகுத்தால் 1,49,61,482 ரூபாய் போக 39 தாம் மிச்சம். பல ஆங்கில நூல்களில் இதே எண் 1,49,61,482 ரூபாய் 15 அணா 7 பை (அணாவில் 12இல் ஒரு பங்கு) என்று இருக்கும். 39 தாம் என்பது ரூபாயில் 40இல் 39 பங்கு. 16 அணாவால் பெருக்கினால் 15.6 அணா, அந்த 0.6ஐ 12ஆல் பெருக்கினால் 7.2 பை. மூலத்தில் அணாவும் இல்லை, பையும் இல்லை, அது பின்னால் மொழிபெயர்த்தவர்கள் தங்கள் காலத்துக் காசுக்கு மாற்றிக்கொண்டது. தமிழில் தாமாகவே விடுங்கள், அடைப்பில் வேண்டுமானால் "சுமார் 1.5 கோடி ரூபாய்".

ஒரு எச்சரிக்கை. 40 தாம் என்பது ஏட்டு விகிதம். கடைத்தெருவில் செம்பு விலை ஏறும்போது ஒரு ரூபாய்க்கு அவ்வளவு காசு கிடைக்காது. ஏட்டில் மட்டும் 40 மாறவே மாறாது. தாம் நாளடைவில் கையில் புழங்கும் காசாக இல்லாமல் வெறும் கணக்கு அலகாகிவிட்டது.

இரண்டாவது, அது "வருவாய்" அல்ல. அது ஜமா, அதாவது வரவேண்டும் என்று மதிப்பிட்டு ஏட்டில் ஏற்றிய தொகை. கைக்கு வந்தது ஹாசில். நம் தாலுகா ஆபீசில் வருடா வருடம் நடக்கும் ஜமாபந்தியில் இருப்பது இதே ஜமாதான். ஹாசிலும் நமக்கு அந்நியமில்லை, தாசில்தாரின் தாசில், வயலின் மகசூல் எல்லாம் அதே அரபு வேரில் முளைத்தவை. எழுதிவைத்ததற்கும் வசூலானதற்கும் இடைவெளி எவ்வளவு என்று கேட்டால், அதற்கென்றே ஒரு முறை வைத்திருந்தார்கள். ஷாஜஹான் காலத்தில் ஜாகீர்களை (சம்பளத்துக்குப் பதிலாக வரி வசூலித்துக்கொள்ள ஒதுக்கிய நிலங்களை) "ஆறுமாத ஜாகீர்", "எட்டுமாத ஜாகீர்" என்று தரம் பிரித்தார்கள். ஏட்டில் 12 மாதத்துக்கான தொகை, கையில் கிடைப்பது பாதி என்றால் அது ஆறுமாத ஜாகீர். அதை வாங்கிக்கொண்ட மன்சப்தாரின் (மொகலாய அதிகாரியின்) கடமையும் அதற்கேற்பக் குறையும்.

மூன்றாவது, அந்த 59 கோடி எந்த நிலத்துக்கு? அயினி அக்பரியில் வங்காளத்துக்கு 24 சர்க்கார், 787 மகால். இதில் 5 சர்க்கார் ஒரிசாவினுடையவை. ஒரிசா தனிச் சுபா ஆனது ஜஹாங்கீர் காலத்தில், 1607இல். அதற்குப் பிந்தைய வங்காளக் கணக்கோடு இந்த எண்ணை நேராக ஒப்பிட்டால் தப்பாகும்.

---

பழங்கணக்கன் எழுதியது:

இன்னொரு ஓட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த 24இல் சிட்டகாங்கும் ஒரு சர்க்கார். அக்பர் காலத்தில் சிட்டகாங் மொகலாயர் கையிலேயே இல்லை, அரக்கான் அரசரின் பிடியில் இருந்தது. வங்காள சுபேதார் ஷாயிஸ்தா கானின் படை அதைப் பிடித்தது 1666இல். ஏறக்குறைய எழுபது வருடம் ஒரு காசுகூடக் கைக்கு வராத ஊருக்கு ஏட்டில் தாம் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது!

நிலப்படத்தில் சுபா எல்லையைக் கெட்டிக் கோடாகப் போட்டு உள்ளே வண்ணம் தீட்டுகிறார்களே, அது இதனால்தான் ஏமாற்றும். சுபா என்பது முதலில் ஒரு கணக்கேட்டின் தலைப்பு. நிலம் அதற்குள் சில சமயம் முழுதாக இருக்கும், சில சமயம் பெயரளவுக்கு இருக்கும். வங்காளத்துப் பட்டியலில் அளந்த நிலப் பரப்புக் கட்டமே காலி, ஏனென்றால் அங்கே நிலம் அளக்கப்படவில்லை. டெல்லி, ஆக்ரா பட்டியல்களில் பிகா, பிஸ்வா என்ற நில அளவுகள் வரை இருக்கும்.

---

வளநாட்டான் எழுதியது:

சரி, மண்டலத்தை விட்டுவிட்டேன். ஒரு சந்தேகம். சில புத்தகத்தில் 15 சுபா, சிலதில் 21, ஒன்றில் 22. எது சரி? அவுரங்கசீப் காலத்தில்தானே பேரரசு மிகப் பெரியது, அப்போது 21, அதற்கு முன் ஷாஜஹான் காலத்தில் 22 என்றால் எப்படி?

---

பழங்கணக்கன் எழுதியது:

மூன்றும் சரி, ஆண்டுதான் வேறு.

ஷாஜஹானின் 20ஆம் ஆட்சியாண்டு (1647) வாக்கில் கொடுக்கப்படும் பட்டியலில் 22. அதில் பல்க், பதக்‌ஷான், காந்தஹார் மூன்றும் இருக்கின்றன. பல்கையும் பதக்‌ஷானையும் அதே 1647இல் கைவிட்டுத் திரும்பினார்கள். காந்தஹாரை 1649இல் பாரசீகர் பிடித்துக்கொண்டார்கள். 22இல் 3 போனால் 19. தக்காணத்தில் அப்போது தெலுங்கானா என்று ஒரு சுபா இருந்தது, 1657இல் பீதர் கிடைத்தபின் அது பீதரோடு கலந்தது, எண்ணிக்கை மாறவில்லை. 1686இல் பீஜப்பூர், 1687இல் கோல்கொண்டா. 19உடன் 2 சேர்ந்தால் 21. கோல்கொண்டா வென்றபின் ஏட்டில் ஐதராபாத் சுபா.

அந்த 21இல் தக்காணச் சுபாக்கள் ஆறு: காந்தேஷ், பேரார், அவுரங்காபாத், பீதர், பீஜப்பூர், ஐதராபாத். பின்னால் "தக்காணத்தின் ஆறு சுபாக்கள்" என்று அடிக்கடி வருவது இவைதான்.

1647 பட்டியலில் மொத்த ஜமா 880 கோடி தாம், அதாவது 22 கோடி ரூபாய். அக்பர் காலத்து எண் 362 கோடி தாம் சொச்சம். "ஐம்பது வருடத்தில் வருமானம் இரண்டரை மடங்கு" என்று யாராவது எழுதியிருந்தால் அடிக்குறிப்புப் போடுங்கள். இடையில் சுபாக்கள் கூடியிருக்கின்றன, விலைவாசி ஏறியிருக்கிறது, இரண்டுமே ஜமா, ஹாசில் அல்ல.

காஷ்மீர் பற்றியும் ஒரு வார்த்தை. அயினி அக்பரியில் காஷ்மீர் தனிச் சுபா இல்லை, காபூல் சுபாவுக்குள் வருகிறது. "அக்பரின் காஷ்மீர் சுபா" என்று கண்டால் அடித்துவிடலாம்.

---

காசுப்பை எழுதியது:

மொழிபெயர்ப்பவர்கள் தடுக்கி விழும் இன்னொரு இடம், சுபாக்களின் பட்டப்பெயர். ஏடுகளிலும் காசுகளிலும் ஊரின் புதுப்பெயரோ சிறப்புப் பெயரோ மட்டும்தான் இருக்கும். அக்பராபாத் என்றால் ஆக்ரா. ஷாஜஹானாபாத் என்றால் டெல்லி. அஜீமாபாத் பட்னா. ஜஹாங்கீர்நகர் டாக்கா. அக்பர்நகர் ராஜ்மகால். குஜிஸ்தா புனியாத் அவுரங்காபாத். "தாருல் கைர்" என்று அடைமொழி வந்தால் அஜ்மீர், "தாருஸ் சல்தனத்" என்றால் பெரும்பாலும் லாகூர், "தாருஸ் ஸுரூர்" புர்ஹான்பூர்.

அக்பராபாத் சுபாவையும் ஆக்ரா சுபாவையும் இரண்டாக எண்ணி, மொத்தத்தில் ஒன்று கூட்டிப்போட்டிருந்த பட்டியல்களும் உண்டு. சுபாவின் பெயரும் தலைநகரின் பெயரும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்றும் இல்லை. வங்காளத்தின் தலைநகர் ராஜ்மகால், டாக்கா, மறுபடி ராஜ்மகால், மறுபடி டாக்கா, கடைசியில் முர்ஷிதாபாத் என்று ஊர் ஊராக அலைந்தது. சுபா மட்டும் அதே வங்காளம்.

---

ஏடுபெயர்ப்பு எழுதியது:

இப்போது (ஈ). சுபா எப்படி ஆளாகி ஆற்றைக் கடந்தார்?

---

பாயன்காட் எழுதியது:

அது 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயரின் வழக்கம். சுபேதார் என்று முழுதாகச் சொல்லாமல் "சுபா" என்றே ஆளைக் குறித்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக் கடிதங்களில் "தக்காணத்தின் சுபா" என்றால் ஐதராபாத் நிஜாம், "வங்காளத்தின் சுபா" என்றால் முர்ஷிதாபாத் நவாப். எந்த நிஜாம், எந்த நவாப் என்பதை ஆண்டை வைத்துக் கண்டுபிடியுங்கள். அந்த ஆளின் பெயரைப் போடுங்கள், அல்லது "சுபேதார்" என்று போடுங்கள். நிலத்துக்கு வரும் சொல்லை அங்கே விடக்கூடாது.

சுபேதாரும் ஆதியில் இருந்த பெயரல்ல. 1580 ஏற்பாட்டில் அந்தப் பதவி சிபாஹ்சாலார். பிறகு அரசாணைகளில் நாஜிம். சுபேதார் என்பது பரவலான வழக்கு. நவாப் பதவியே அல்ல, மரியாதைப் பட்டம். "சுபேதாராக இருந்தவர் நவாபாகப் பதவி உயர்ந்தார்" என்று ஒரு நூலில் இருக்கிறது, அப்படி ஒரு பதவி உயர்வு கிடையாது.

இதைவிட முக்கியம், ஒரு சுபாவுக்கு ஒரே ஒரு தலைவர் இல்லை. நாஜிமின் கையில் படை, அமைதி காத்தல், குற்ற வழக்கு. திவானின் கையில் நிலவரியும் கருவூலமும். 1595-96 முதல் சுபா திவான்கள் நேராகத் தலைநகரின் திவானுக்குப் பதில் சொன்னார்கள், நாஜிமுக்கு அல்ல. வேண்டுமென்றே வைத்த இழுபறி இது. படை வைத்திருப்பவனிடம் பணப்பெட்டி போய்விட்டால் அவன் நாளைக்கே தனி அரசன்.

வங்காளத்தில் அதைப் பார்க்கலாம். நாஜிம் அவுரங்கசீபின் பேரன் அஜீமுஷ்ஷான், திவான் முர்ஷித் குலி கான். இருவருக்கும் ஆகவில்லை. திவான் தன் அலுவலகத்தை டாக்காவிலிருந்து பெயர்த்து 1704இல் மக்சூசாபாத்துக்குக் கொண்டுபோய்விட்டார், அதுதான் முர்ஷிதாபாத். 1717இல் நாஜிம் பதவியும் அவருக்கே வந்தது. இரண்டு சாவியும் ஒரே இடுப்பில். அதன்பிறகு டெல்லிக்குக் கப்பம் போனது, ஆணை வருவது நின்றுபோனது.

1765 ஆகஸ்ட் 12இல் மொகலாயப் பேரரசர் ஷா ஆலம் கம்பெனிக்குக் கொடுத்தது வங்காளம், பிகார், ஒரிசாவின் திவானி, அதாவது திவானின் அதிகாரம். "மூன்று மாகாணங்களைக் கொடுத்தார்" என்று எழுதினால் தப்பு, திவானின் பாதியைக் கொடுத்தார். நிஜாமத் (நாஜிமின் அதிகாரம்) பெயரளவில் நவாபிடமே இருந்தது. பேரரசருக்கு ஆண்டுக்கு 26 லட்சம் ரூபாய் என்று பேச்சு. அந்த "ஒரிசா"வும் ஏட்டு ஒரிசாதான். கட்டக் உட்பட பெரும்பகுதி 1751 முதல் நாக்பூர் மராட்டியரிடம் இருந்தது. கம்பெனி அதைப் பிடித்தது 1803இல். கையில் இருந்தது மேதினிப்பூர்ப் பக்கம் மட்டுமே.

---

வளநாட்டான் எழுதியது:

பாயன்காட் என்ற பெயரில் இருக்கிறீர்களே, ஆற்காடு ஒரு சுபாவா? "ஆற்காட்டு சுபா" என்று பார்த்த நினைவு.

---

பாயன்காட் எழுதியது:

பேச்சு வழக்கில் உண்டு, 21இன் பட்டியலில் இல்லை. பீஜப்பூரும் கோல்கொண்டாவும் விழுந்தபின் அவர்கள் பிடித்துவைத்திருந்த தென்பகுதியும் மொகலாயருக்கு வந்தது. அது பீஜப்பூர்க் கர்நாடகம், ஐதராபாத் கர்நாடகம் என்று இரண்டாகவும், ஒவ்வொன்றும் மலைக்கு மேலே பாலாகாட், மலைக்குக் கீழே பாயன்காட் என்று இரண்டாகவும் ஏட்டில் ஏறியது. ஆற்காட்டு நவாபின் நிலம் பாயன்காட். நவாப் தக்காண சுபேதாருக்குக் கீழ்ப்பட்டவர். முகமது அலி வாலாஜா 1765இல் ஷா ஆலமிடம் ஃபர்மான் (அரசாணை) வாங்கித்தான் அந்தக் கீழ்ப்படிதலைக் காகிதத்தில் அறுத்துக்கொண்டார். அதற்கு முந்தைய காலத்தைப் பேசும்போது "ஆற்காட்டு மாகாணம்" என்று எழுதாதீர்கள், "கர்நாடகப் பாயன்காட்" என்று எழுதுங்கள்.

---

நாற்பதுதாம் எழுதியது:

சுபாவின் கீழ்த்தட்டுச் சொற்களும் நம்மூரில் திரிந்து கிடக்கின்றன.

சர்க்கார்: நமக்கு அரசாங்கம். மொகலாய ஏட்டில் சுபாவின் உட்பிரிவு, இன்றைய மாவட்டம் மாதிரி. "வட சர்க்கார்கள்" என்பது ஐதராபாத் சுபாவின் ஐந்து உட்பிரிவுகள்: சிகாகோல் (ஸ்ரீகாகுளம்), ராஜமுந்திரி, ஏலூர், கொண்டபள்ளி, குண்டூர். "வடக்கு அரசாங்கங்கள்" என்று ஒரு மொழிபெயர்ப்பில் கண்டு நொந்திருக்கிறேன்.

மகால்: அரண்மனை அல்ல, வரி வரும் தலைப்பு. பல சமயம் பர்கணாவும் மகாலும் ஒன்றே, ஆனால் சந்தைச் சுங்கம், உப்பு போன்றவற்றுக்கும் தனி மகால் உண்டு. எனவே வங்காளத்தின் 787 மகால் என்பதை 787 ஊர் என்றோ வட்டம் என்றோ பெயர்க்கக்கூடாது. நம் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்துப் பாராமகால் "பன்னிரண்டு மகால்". அங்கே பன்னிரண்டு மாளிகை தேடி அலைய வேண்டாம்.

ஹவேலி: இதுவும் மாளிகை அல்ல, அல்லது எப்போதும் அல்ல. "ஹவேலி பர்கணா" என்றால் சர்க்காரின் தலைநகரைச் சுற்றியுள்ள பர்கணா. வட சர்க்கார்களில் ஜமீனுக்குப் போகாமல் அரசு நேராக வைத்திருந்த நிலத்துக்கு ஹவேலி நிலம் என்று பெயர்.

பாரசீக ஆவணத்தில் முகவரி கீழிருந்து மேலே போகும்: முதலில் பர்கணா, பிறகு சர்க்கார், பிறகு "முஜாஃப்" என்ற சொல், பிறகு சுபா. முஜாஃப் என்றால் இணைந்தது, சேர்ந்தது. அதை ஊர்ப்பெயர் என்று எண்ணிச் சுபாவின் பெயரோடு ஒட்டிவிடாதீர்கள்.

---

காசுப்பை எழுதியது:

சுபேதார் எப்படி ராணுவத்தில் வந்து உட்கார்ந்தார் என்று யாராவது கேட்கும்முன்: கம்பெனிப் படையில் இந்தியச் சிப்பாய்களுக்குக் கிடைக்கக்கூடிய உயர்ந்த பதவிக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். பேரரசின் மாகாண ஆளுநர் பட்டம் ஒரு கம்பெனிக் காலாட்படைப் பிரிவில் வந்து நின்றது. இன்றும் நாயிப் சுபேதார், சுபேதார், சுபேதார் மேஜர் என்று மூன்று படி. குதிரைப்படை வழி வந்த பிரிவுகளில் அதே இடத்தில் ரிசால்தார்.

நிலப்பிரிவாகவும் சொல் சாகவில்லை. நிஜாமின் ஐதராபாத்தில் அமைச்சர் சாலார் ஜங்கின் சீர்திருத்தத்துக்குப் பிறகு பல ஜில்லாக்கள் சேர்ந்தது ஒரு சுபா: அவுரங்காபாத், குல்பர்கா, வாரங்கல், மேதக். இது மொகலாய சுபாவும் அல்ல, தஞ்சை சுபாவும் அல்ல, நடுத்தரம். பாகிஸ்தானில் இன்றைக்கும் மாகாணத்துக்கு உருது அரசுச் சொல் சூபாதான். நம் பக்கத்தில் "பஞ்சாபி சூபா" போராட்டம், அதன் முடிவில் 1966 நவம்பர் 1 அன்று இன்றைய பஞ்சாப். அங்கே "மாநிலம்" என்றுதான் பெயர்க்க வேண்டும்.

---

ஏடுபெயர்ப்பு எழுதியது:

திருத்திய வடிவம். பார்த்துச் சொல்லுங்கள்.

(அ) 1580இல் அக்பரின் பேரரசு 12 சுபாக்களாக (மாகாணங்களாக)ப் பிரிக்கப்பட்டது.
(ஆ) அயினி அக்பரியின்படி, ஒரிசாவையும் உள்ளடக்கிய வங்காள சுபாவின் வருவாய் 59,84,59,319 தாம் (சுமார் 1.5 கோடி ரூபாய்).
(இ) தஞ்சை மராட்டியர் காலத்தில் கும்பகோணம் சுபாவில் அடங்கிய ஊர்கள்.
(ஈ) தக்காண சுபேதார் தன் படையோடு ஆற்றைக் கடந்தார்.

---

நாற்பதுதாம் எழுதியது:

(ஆ)வில் மறுபடியும் "வருவாய்" வந்துவிட்டது. "மதிப்பிட்ட வரித்தொகை (ஜமா)" என்று மாற்றுங்கள்.

---

மோடியெழுத்து எழுதியது:

(இ) சரி. ஆனால் (அ)வில் அடைப்புக்குள் "மாகாணங்களாக" என்று ஒருமுறை சொல்லிவிட்டால் வாசகர் அதே சமன்பாட்டை (இ)க்கும் எடுத்துப்போவார். (இ) வரும் முதல் இடத்தில் "இங்கே சுபா என்பது அரசின் ஐந்து பிரிவுகளில் ஒன்று, மாகாணம் அதனினும் சிறியது" என்று ஒரு வரி சேருங்கள். சொல்லடைவிலும் மொகலாய சுபா, தஞ்சை சுபா என்று இரண்டு பதிவாக வையுங்கள்.

---

பாயன்காட் எழுதியது:

(ஈ) ஆண்டு என்ன? 1750க்குப் பக்கம் என்றால் நாசிர் ஜங்கும் முஜாஃபர் ஜங்கும் ஒரே நேரத்தில் "நான்தான் தக்காண சுபேதார்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். பெயரைப் போடாமல் விட்டால் எந்தப் படை ஆற்றைக் கடந்தது என்று தெரியாது.

---

ஏடுபெயர்ப்பு எழுதியது:

1750தான். முன்பின் பத்திகளைப் பார்த்தேன், நாசிர் ஜங். பெயரைச் சேர்த்துவிட்டேன், ஜமாவையும் மாற்றிவிட்டேன், சொல்லடைவில் இரண்டு பதிவு.